மணப்பெண்ணின் முகம் பச்சையாகத் தெரிகிறதா?

சுவரில் கல்யாணப் படம் ஓடுகிறது. வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

பார்த்தால், மணப்பெண்ணின் முகம் பச்சை!

மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி நீலம்! அரக்கு நிறப் பட்டுப்புடவை சாயம் போன துணி போல வெளுத்துக் கிடக்கிறது!

உடனே என்ன சொல்கிறோம்? "மிஷின் கெட்டு விட்டது" என்று சொல்லி விடுகிறோம். ரிப்பேர் கடைக்குத் தூக்கிக் கொண்டு ஓடுகிறோம்.

பெரும்பாலும் மிஷின் கெட்டிருப்பதில்லை. நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் அளவுகள்தான் தவறான இடத்தில் நிற்கின்றன. காசு செலவில்லாமல், ஒரு மணி நேரத்துக்குள், நீங்களே அதைச் சரி செய்து விடலாம்.

எப்படி? கேளுங்கள்!

மூன்றே மூன்று நிறங்கள்

பட்டுக் கடைக்குப் போனால் எத்தனை நிறங்களைப் பார்க்கிறோம்! மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில் கழுத்து, வாடாமல்லி. கணக்கே இல்லை.

ஆனால், புரொஜக்டருக்குத் தெரிந்த நிறங்கள் மூன்றே மூன்றுதான். சிவப்பு, பச்சை, நீலம். இந்த மூன்று ஒளிகளையும் கூட்டியும் குறைத்தும் கலந்துதான் மற்ற எல்லா நிறங்களையும் அது உண்டாக்குகிறது.

இந்த வித்தையை உலகுக்குக் காட்டியவர், ஸ்காட்லாந்து நாட்டு விஞ்ஞானி ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்.

1861-ம் ஆண்டு மே மாதம் 17-ந் தேதி. லண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற விஞ்ஞானக் கழகம். அன்று மாக்ஸ்வெல்லுக்கு வயது 29.

பல நிறக் கோடுகள் கொண்ட ஒரு ரிப்பனை, தாமஸ் சட்டன் என்ற போட்டோகிராபர் முன்பே படம் பிடித்துக் கொடுத்திருந்தார். ஒரே ரிப்பனைச் சிவப்பு வடிகட்டி வழியாக ஒரு தடவை, பச்சை வழியாக ஒரு தடவை, நீலத்தின் வழியாக ஒரு தடவை படம் பிடித்தார்கள். அவை எல்லாமே கறுப்பு வெள்ளைப் படங்கள்தான்.

மூன்று விளக்குகளின் முன்னால் அந்த மூன்று படங்களையும் வைத்தார்கள். சிவப்பு வழியாக எடுத்த படத்துக்குச் சிவப்பு ஒளி. மற்ற இரண்டுக்கும் பச்சை, நீல ஒளி. மூன்றையும் திரையில் ஒன்றன் மேல் ஒன்றாக விழச் செய்தார்கள்.

என்ன அதிசயம்! கறுப்பு வெள்ளைப் படங்களில் இருந்து, வண்ண ரிப்பன் திரையில் எழுந்தது!

இன்று உங்கள் வீட்டு மேஜை மேல் இருக்கும் சிறிய பெட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

வீடுகளிலும் பள்ளிகளிலும் உள்ள புரொஜக்டர்களில் இரண்டு வகைகளை அதிகமாகப் பார்க்கலாம்.

ஒரு வகையில், விளக்கின் ஒளி மூன்று நிறங்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு நிறமும் ஒரு சின்னக் கண்ணாடிப் பலகை வழியாகப் போகிறது. பிறகு மூன்றும் ஒன்று சேர்ந்து திரைக்கு வருகின்றன. இதை 'எல்.சி.டி.' வகை என்கிறார்கள்.

இன்னொரு வகை 'டி.எல்.பி.' இதில் இருப்பவை ஆடும் கண்ணாடிகள்! விரல் நகம் அளவுள்ள ஒரு சில்லில் லட்சக்கணக்கான கண்ணாடிகள் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தலைமுடியின் பருமனை விடச் சிறியது. அவை ஒரு வினாடியில் ஆயிரக்கணக்கான தடவை சாய்ந்து சாய்ந்து ஒளியைத் திரைக்கு அனுப்புகின்றன.

இதை 1987-ம் ஆண்டு கண்டுபிடித்தவர், அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த லாரி ஹார்ன்பெக். சினிமா உலகின் ஆஸ்கார் பரிசு 2015-ம் ஆண்டு அவரைத் தேடி வந்தது.

இந்த வகை மிஷின்கள் பலவற்றில் ஒரு நிறச் சக்கரம் சுழலும். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒன்றன் பின் ஒன்றாக ஒளியைத் திரையில் போடும். அது சுழலும் வேகத்தில் நம் கண் ஏமாந்து, மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிறது.

பச்சை ஏன் மிஞ்சுகிறது?

விளக்கு வைத்த புரொஜக்டர்களில், பெரும்பாலும் பாதரச ஆவி விளக்குதான் எரிகிறது. அதன் ஒளியில் பச்சை அதிகம். சிவப்பு குறைவு. அது அந்த விளக்கின் பிறவிக் குணம்!

வெள்ளை வெள்ளையாகத் தெரிய வேண்டுமானால், மிஞ்சிய பச்சையைக் குறைக்க வேண்டும். குறைத்தால் மொத்த வெளிச்சமும் குறையும்.

ஆனால், கடையில் விற்பனைக்கு வைக்கும்போது வெளிச்சம்தானே வாங்குபவரின் கண்ணைக் கவரும்? ஆகவே, பச்சையை அப்படியே விட்டு விடும் ஒரு ஏற்பாடும் மெனுவில் இருக்கிறது. அதற்கு 'டைனமிக்', 'பிரைட்' என்றெல்லாம் பெயர். மிஷினை அந்த நிலையிலேயே வைத்திருந்தால், மணப்பெண்ணின் முகம் பச்சையாகத்தான் தெரியும்!

எல்.இ.டி. ஒளியிலும் லேசர் ஒளியிலும் ஓடும் மிஷின்கள் இப்போது நிறைய வந்து விட்டன. அவற்றில் மிஞ்சும் நிறம் வேறாக இருக்கலாம். திருத்தும் வழி ஒன்றேதான்.

மிஷினைத் தொடும் முன்பு...

முதலில் அறையைக் கவனியுங்கள்.

புரொஜக்டரால் எந்த நிறத்தையும் திரையில் போட முடியும். ஒரே ஒரு நிறத்தை மட்டும் போட முடியாது. அது எது?

கறுப்பு!

கறுப்பு ஒளி என்று ஒன்று உலகத்தில் இல்லை. ஒளி விழாத இடம்தான் கறுப்பு. அறையில் டியூப் லைட் எரிந்தால், அந்த வெளிச்சம் திரையிலும் விழும். கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் ஆகிவிடும். எல்லா நிறமும் வெளுத்துப் போகும். எந்தப் பட்டனை அழுத்தினாலும் பயன் இல்லை!

ஆகவே விளக்கை அணையுங்கள். ஜன்னலைச் சாத்துங்கள்.

அடுத்தது சுவர். மஞ்சள் சுண்ணாம்பு அடித்த சுவரில் படம் போட்டால், வெள்ளையும் மஞ்சளாகத்தான் தெரியும். பச்சைச் சுவர் முகத்தைப் பச்சையாக்கும். பளபளப்பு இல்லாத வெள்ளைச் சுவரோ, வெள்ளைத் திரையோதான் நல்லது.

மூன்றாவது, பொறுமை! விளக்கு வகை மிஷினைப் போட்டதும் அதன் நிறம் நிலைக்காது. சூடு ஏற ஏற நிறம் மாறிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரம் ஓட விட்டு, பிறகு திருத்த ஆரம்பியுங்கள்.

ஒரு காகிதமும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். இப்போது இருக்கும் அளவுகளை எல்லாம் முதலில் குறித்துக் கொள்ளுங்கள். தவறிப் போனால் பழைய நிலைக்கே திரும்பி விடலாம். 'ரீசெட்' என்ற பட்டனும் இருக்கிறது. ஆகவே, பயமே வேண்டாம்!

படிப்படியாகத் திருத்துங்கள்

ரிமோட்டில் 'மெனு' பட்டனை அழுத்துங்கள். 'பிக்சர்' அல்லது 'இமேஜ்' என்ற பகுதிக்குப் போங்கள்.

1. படத்தின் வகை: 'டைனமிக்', 'பிரைட்' இருந்தால் மாற்றி, 'சினிமா' அல்லது 'மூவி' என்று வையுங்கள். படம் கொஞ்சம் மங்கியது போலத் தோன்றும். கலங்காதீர்கள். இருட்டு அறையில் ஐந்து நிமிடம் பார்த்தால் கண் பழகி விடும். பாதிக் குறை இந்த ஒரு படியிலேயே தீர்ந்து விடும்!

2. கலர்: இதைச் சுத்தமாகக் குறைத்து விடுங்கள். படம் கறுப்பு வெள்ளை ஆகிவிடும். 'நிறத்தைத் திருத்த வந்து, நிறத்தையே எடுத்து விட்டோமே' என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது. கோலம் போடும் முன்பு வாசலைப் பெருக்க வேண்டாமா?

3. கலர் டெம்பரேச்சர்: கொல்லன் உலையில் இரும்பைக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் சிவக்கும். சூடு ஏற ஏற மஞ்சளாகும். பிறகு வெள்ளையாகும். சூடு இன்னும் ஏறினால் ஒளியில் நீலம் கலக்கும். இந்தக் கணக்கை வைத்துத்தான் வெள்ளை ஒளியை 'கெல்வின்' என்ற அளவில் சொல்கிறார்கள். பழைய குண்டு பல்பின் மஞ்சள் ஒளி ஏறத்தாழ 2,700. படம் தயாரிப்பவர்கள் வெள்ளைக்கு வைத்திருக்கும் அளவு 6,500. உங்கள் மெனுவில் 6,500 என்று இருந்தால், அதையே வையுங்கள். எண் இல்லாமல் 'கூல்', 'மீடியம்', 'வார்ம்' என்று இருந்தால், ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலமோ, பச்சையோ, சிவப்போ கலந்து தெரியாத நிலை எதுவோ, அதுதான் சரி.

4. பிரைட்னஸ்: பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இது வெளிச்சத்துக்கு உள்ள பட்டன் அல்ல. இருட்டுக்கு உள்ள பட்டன்! இரவுக் காட்சி ஒன்றைப் போட்டு, படத்தை நிறுத்தி வையுங்கள். பிரைட்னசைக் கூட்டினால் இரவு சாம்பல் பூசியது போல ஆகும். அதிகமாகக் குறைத்தால் கறுப்புக் கோட்டின் மடிப்பும், தலைமுடியின் சுருளும் மறைந்து விடும். கறுப்பு கறுப்பாகவும் இருக்க வேண்டும், முடியின் இழைகளும் தெரிய வேண்டும். அந்த இடத்தில் நிறுத்துங்கள்.

5. காண்ட்ராஸ்ட்: இதுதான் வெள்ளைக்கு உள்ள பட்டன். வெள்ளை வேட்டியோ, மல்லிகைப் பூவோ உள்ள காட்சியைப் போடுங்கள். காண்ட்ராஸ்ட் அதிகமானால் வேட்டியின் மடிப்புகள் காணாமல் போகும். மல்லிகைச் சரம் வெறும் வெள்ளைத் திட்டு ஆகிவிடும். ஒவ்வொரு பூவும் தனித் தனியாகத் தெரியும் வரை குறையுங்கள். பிறகு ஒரு தடவை பிரைட்னசையும் பார்த்துக் கொள்ளுங்கள். ஒன்றை மாற்றினால் மற்றதும் சிறிது அசையும்.

6. மறுபடியும் கலர்: இப்போது நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். புல்லையும் பூவையும் பார்க்காதீர்கள். முகத்தைப் பாருங்கள்! முகத்தில் உயிர் வந்ததும் நிறுத்துங்கள். முகம் வெயிலில் கன்றியது போலச் சிவந்தால் அதிகம். நோயில் கிடந்து எழுந்தவர் போல வெளுத்தால் குறைவு.

7. டின்ட்: முகத்தில் பச்சை, இல்லாவிட்டால் வாடாமல்லி நிறம் கலந்து தெரிந்தால் மட்டும் இதைத் தொடுங்கள். பெரும்பாலும் நடுவில் இருப்பதுதான் சரி.

8. ஷார்ப்னஸ்: இதைக் கூட்டினால் படம் தெளிவாவது போலத் தோன்றும். உற்றுப் பார்த்தால், ஆட்களைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடும். அந்தக் கோடு மறையும் வரை குறையுங்கள்.

வேலை முடிந்தது!

யாருடைய முகம்?

முகத்தைப் பார்த்து நிறத்தை வைக்கச் சொன்னோம். யாருடைய முகம்? இது முக்கியமான கேள்வி.

அமெரிக்காவில் கோடாக் கம்பெனி, வண்ணப் போட்டோக்களைக் கழுவும் இடங்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். அவளுடைய முகம் சரியாக வந்தால், நிறம் சரி என்று கணக்கு! அந்த மாதிரிப் படத்துக்கு 'ஷெர்லி கார்டு' என்று பெயர். பல வருடங்கள் இப்படியே நடந்தது.

விளைவு என்ன? கறுப்பு நிற மக்களின் போட்டோக்களில் முகம் இருண்டு, கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. பல நிறப் பெண்கள் சேர்ந்து நிற்கும் மாதிரிப் படங்களை அந்தக் கம்பெனி அனுப்பத் தொடங்கியது 1990-களில்தான்.

இந்தத் தவறை நம் வீட்டுச் சுவரில் நாம் செய்யக் கூடாது.

பிரைட்னசை அதிகமாகக் குறைத்தால், முதலில் மறைவது யாருடைய முகம்? கறுத்த முகம்தான்! கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா வெறும் நிழலாக நிற்பார். "பெண் சிவப்பாகத் தெரியட்டும்" என்று வெளிச்சத்தைக் கூட்டினால், மாநிறப் பெண்ணின் முகம் மாவு பூசியது போல ஆகும். மூக்குத்தியும் தெரியாது. கன்னத்தில் விழும் குழியும் தெரியாது.

ஆகவே, சிவந்தவர், மாநிறத்தவர், கறுத்தவர் மூன்று பேரும் சேர்ந்து நிற்கும் ஒரு காட்சியைப் போடுங்கள். மூன்று முகமும் அவரவர் நிறத்தில், களையாகத் தெரிய வேண்டும்.

காலமான தாத்தாவின் படத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டும்போது, அவர் எந்த நிறத்தில் இருந்தாரோ, அந்த நிறத்தில் அல்லவா காட்ட வேண்டும்?

பள்ளிகளுக்கும் இது முக்கியம். மஞ்சள் காமாலை கண்டவரின் கண்ணைப் பாடத்தில் காட்டுகிறார்கள். திரையில் மஞ்சளே எழவில்லை என்றால், பிள்ளைகள் எதைக் கற்பார்கள்?

அப்பாவா? அம்மாவா?

நிறம் வைக்கும்போது வீட்டில் சண்டை வருவது உண்டு. "பச்சை" என்பார் ஒருவர். "இல்லவே இல்லை" என்பார் இன்னொருவர்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை!

சிலருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கும் சக்தி பிறவியிலேயே குறைவு. இங்கிலாந்து விஞ்ஞானி ஜான் டால்டன், தமக்கே இந்தக் குறை இருப்பதை 1794-ம் ஆண்டில் எடுத்துச் சொன்னார். இது ஆண்களிடம்தான் அதிகம். ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெண்களில் 200 பேரில் ஒருவருக்குத்தான்.

ஆகவே, வீட்டுத் தலைவரே! சந்தேகம் வந்தால் ரிமோட்டை அம்மாவிடம் கொடுத்து விடுங்கள்!

திருத்தியும் சரியாகவில்லையா?

எல்லாம் செய்தும் படம் ஒரே நிறமாகத் தெரிந்தால், வயரைப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் இருந்து வரும் பழைய 'வி.ஜி.ஏ.' வயரில், மூன்று நிறங்களும் மூன்று தனிக் கம்பிகளில் வருகின்றன. ஒரு கம்பி அறுந்தாலும், முனையில் உள்ள ஊசி வளைந்தாலும் ஒரு நிறம் போய் விடும்.

எது போனது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி! திரையில் வெள்ளைப் படத்தைப் போடுங்கள்.

வெள்ளை, மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் வரவில்லை.

வாடாமல்லியாகத் தெரிந்தால் பச்சை வரவில்லை.

நீலமும் பச்சையும் கலந்து தெரிந்தால் சிவப்பு வரவில்லை.

வேறு வயரைப் போட்டுப் பாருங்கள். வயர் விலைதான் செலவு. மிஷின் பிழைத்தது!

'எச்.டி.எம்.ஐ.' வயரில் வேறு ஒரு சிக்கல் உண்டு. இருட்டில் இருந்து வெளிச்சம் வரை எண் போட்டுத்தான் மிஷின்கள் பேசிக் கொள்கின்றன. கம்ப்யூட்டர் 0 முதல் 255 வரை எண்ணும். வீடியோ கருவிகள் 16 முதல் 235 வரை எண்ணும். அனுப்பும் கருவி "16 என்றால் கறுப்பு" என்கிறது. வாங்கும் கருவி "0 தானே கறுப்பு" என்கிறது. உடனே கறுப்பு, சாம்பல் ஆகிவிடுகிறது! மெனுவில் 'ரேஞ்ச்' என்று இருப்பதை 'ஆட்டோ'வில் வையுங்கள். அப்போதும் சரியாகாவிட்டால், மற்ற இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

வயரும் சரி, அளவுகளும் சரி. ஆனாலும் படத்தில் அங்கங்கே மஞ்சள் அல்லது நீலத் திட்டுகள் நிற்கின்றனவா? அப்படியானால், எல்.சி.டி. பலகை சூட்டில் பழுதாகி இருக்கலாம். அதற்கு மெக்கானிக்தான் வேண்டும். பலகை கெடாமல் இருக்க, காற்று போகும் இடத்தில் உள்ள தூசி வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள்.

எச்சரிக்கை!

மிஷின் ஓடும்போது லென்சுக்குள் பார்க்காதீர்கள். குழந்தைகளையும் பார்க்க விடாதீர்கள். அந்த ஒளி கண்ணைக் கெடுக்கும்.

விளக்கு வகை மிஷினை அணைத்ததும் பிளக்கைப் பிடுங்காதீர்கள். உள்ளே இருக்கும் மின்விசிறி நிற்கும் வரை காத்திருங்கள். சூடு தணியா விட்டால் விளக்கின் ஆயுள் குறையும்.

விளக்கு வெடித்து விட்டால், ஜன்னலைத் திறந்து வைத்து விட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். உள்ளே இருப்பது பாதரசம் அல்லவா?

விளக்குக்கும் வயது உண்டு. ஓட ஓட வெளிச்சம் மங்கும், நிறமும் சிறிது மாறும். ஆகவே, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இந்த எட்டுப் படிகளையும் செய்து பாருங்கள்.

கடைசியாக ஒன்று. சரி செய்த அளவுகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மிஷினின் பக்கவாட்டில், காற்றுத் துளையை மறைக்காமல் ஒட்டி விடுங்கள். வீட்டில் உள்ள சின்னப் பயல் நாளைக்கு ரிமோட்டை எடுத்து எதை அழுத்தினாலும், இரண்டே நிமிடத்தில் நிறம் திரும்பி வந்து விடும்!